வேலைக்காரி: ஒன்று

மசுவாலாக் காட்டில்
நாலு மூட்டை சருகு சலித்ததில்
இது ஒன்றுதான்.
சாராயத்தில் ஊறி, உலர்ந்து,
முக்கோண அட்டையின் நுனியில்
பசையோடு நிற்கிறது.

வுலுலுனா லென்ஸில் குனிகிறாள்.
உணர்கொம்பில் கணு பதினொன்று.
மறுபடி எண்ணுகிறாள்,
பதினொன்றேதான்.
இடுப்பில் இரட்டை முடிச்சு.
தாடை, மூடாத பாக்குவெட்டி.
இடது நடுக்கால் இல்லை;
ஒடித்தது எங்கள் இடுக்கியாக இருக்கலாம்.

ராணி: தெரியவில்லை.
ஆண்: தெரியவில்லை.
கூடு: தெரியவில்லை.

"வாயில் வெள்ளையாய் என்னவோ
தூக்கிக்கொண்டு ஓடியது," என்கிறான்
சருகு சலித்த பெதூம்பு.
"குப்பியில் போட்டதும் விட்டுவிட்டது."

குப்பியை ஜன்னல் பக்கம் சாய்க்கிறாள்.
அடியில் மண்டி.
எல்லாத் துகளும் வெள்ளை.

படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறாள்:
சுமை இருந்தது.