எண் பலகைக்குப் பின்னால்

வேலந்தாவளத்தில் மாசி முடியும் முன்பே
தார் இளகி டயரில் ஒட்டும்.
கரும்பனைகள் ஓலையால் ஓலையை
அறைந்துகொண்டு நிற்கும்.
கணவாய்க் காற்று பகலில்
அடுப்பு ஊதும் காற்று.
என் கார் அதைத்தான் மூச்சாக இழுக்கிறது.

அசனார் ஓட்டுகிறான். என் மடியில் லேப்டாப்.
திரையில் எத்தனையோ எண்கள்,
நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அறுபத்தெட்டு.
வெளியே முப்பத்தொன்பது.
நடுவில் இருக்கும் இருபத்தொன்பது டிகிரி
யார் வீட்டுச் சூடு என்று
மூன்று வாரமாக எங்களுக்குள் வழக்கு.

சூடான காற்று ஏமாற்றுக் காற்று.
படி நிறைய அளந்த மாதிரி இருக்கும்,
கொட்டிப் பார்த்தால் முக்கால் படி.
இன்ஜினுக்கு அது தெரியும்.
உள்ளே தட்டிவிடுமோ என்று பயந்து
தீப்பொறியைத் தள்ளிப்போடும்.
பெடல் தரையைத் தொட்ட பிறகும்
கடைசிப் பந்திக்கு வரும் பங்காளியைப் போல
மெதுவாகத்தான் வேகம் வந்து சேரும்.

முதலில் ஃபில்டரைக் குறை சொன்னோம்.
ரேடியேட்டரின் முதுகில் வாயை வைத்துக்கொண்டு
குளிர்ந்த காற்று கேட்டால் யார் தருவார்?
குழாயை வளைத்து இறக்கி
பனிவிளக்கு இருந்த ஓட்டையில் வாயைத் திறந்தோம்.
ஐந்து டிகிரி.

பிறகு, கஞ்சிக்கோட்டில் எடைக்கு வாங்கிய
அலுமினியத் தகடு.
டர்போவுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர்.
மூன்று டிகிரி.
வெட்டும்போது அசனாரின் கட்டைவிரலில் நாலு தையல்.
'தையலுக்கு முக்கால் டிகிரி' என்று
ஆஸ்பத்திரி வாசலிலேயே கணக்கு முடித்தான்.

பிறகு கோவையிலிருந்து பெரிய இன்டர்கூலர்.
முப்பத்தெட்டாயிரம்.
வீட்டில் டயர் என்று சொல்லியிருக்கிறேன்.
இரண்டே இரண்டு டிகிரி.
அன்று இரவு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

காலையில் பம்பரைக் கழற்றிக் கழுவப் போனவன்
குழாயைக் கீழே போட்டுவிட்டுக் கூப்பிட்டான்.
இன்டர்கூலரின் இடப்பக்கம் முழுக்கப் பூச்சிகள்,
தும்பியின் இறகு, ஈசல், பெயர் தெரியாத பச்சை.
வலப்பக்கமும் அப்படியே.
நடுவில் மட்டும் ஒரு நீள்சதுரம்
கடையில் வாங்கிய அன்று போலப் பளபளவென்று.
அங்கே ஒரு கொசுகூடச் சாகவில்லை.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி
தரையில் கிடந்த எண் பலகையைப் பார்த்தோம்.
கே.எல். ஒன்பது.
அரசாங்கம் தந்த மூக்கடைப்பு.

நாலு போல்ட். பத்து நிமிடம்.
பலகையை இடது ஓரத்துக்குத் தள்ளி மாட்டினோம்.
கொழிஞ்சாம்பாறை ரோட்டில் மூன்றாவது கியரில்
ஐம்பத்தைந்து, ஐம்பத்திரண்டு, நாற்பத்தெட்டு.
நாற்பத்தாறில் அசனார் ஹாரன் அடித்தான்,
எதிரே ஒரு ஆடுகூட இல்லாத ரோட்டில்.
சீட் முதுகை இடித்துத் தள்ளியது கார்.
முப்பத்தெட்டாயிரத்துக்கு இப்போதுதான் ரசீது கிடைத்தது.

செக்போஸ்டில் கை நீண்டது.
'பிளேட் எந்தா ஒரு சைடிலேக்கு?'
அசனார் ஆரம்பித்தான்: 'சாரே, காற்று போகாமல்...'
நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நின்ற காரில் எண் ஏறுகிறது.
ஐம்பது.
தும்பியைப் பற்றிச் சொல்கிறான்.
ஐம்பத்தாறு.
நீள்சதுரத்தைக் கையால் காட்டுகிறான்,
தையல் போட்ட விரலோடு.
அறுபத்தொன்று.
அவர் எங்கள் ஆர்.சி.யால்
கழுத்துக்கு விசிறிக்கொண்டு கேட்கிறார்.
'பானட் துறக்கு.'

திறந்தோம்.
உள்ளே கட்டிவைத்திருந்த வெக்கை
அவர் முகத்தில் நேராக ஏறியது.
ஒரு அடி பின்னால் போனார். தொப்பியைக் கழற்றினார்.

கரும்பனைப் பக்கமிருந்து காற்று ஒன்று
யாரையும் கேட்காமல் குனிந்து உள்ளே போனது.

அறுபது.
ஐம்பத்தெட்டு.
மூன்று பேரும் சும்மா நின்றோம்.