ராட்டர்டாம் பெட்டி

கடற்கொள்ளைக்காரப் பிறந்தநாள்தான் வேணுமாம்.
ஏழு முடிகிறது. மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை.
யார் ஃபோனில் பார்த்தாளோ,
"கடல்ல போவாங்கம்மா, ஒரு கண்ணக் கட்டிக்கிட்டு."
சிறுபூலுவபட்டியில் கடலுக்கு நான் எங்கே போவேன்?
லைன் வீட்டுக்கு நாலு நாளைக்கொருக்கா வரும் தண்ணியே
வீட்டுக்கு எட்டுக் குடம்தான்.

கம்பெனியில் கேட்டேன்.
"பெட்டி ஒண்ணுதானுங்களே, தூக்கிட்டுப் போங்க" என்றார்
பேக்கிங் அங்கமுத்து.
மூலை நசுங்கி நின்றுபோன ஏற்றுமதிப் பெட்டி.
பக்கவாட்டில் கறுப்பு எழுத்தில் ராட்டர்டாம்.
இங்கே தைப்பதெல்லாம் கடல் தாண்டும்.
நான் தாண்டியது
ஊத்துக்குளி ரயில்வே கேட்.

மண்டையோட்டுப் பனியன்கள் ஏழும் அங்கே கிடைத்தவைதான்.
மை ஒழுகி
ஒரு கண் மட்டும் அடைபட்ட பீஸ்கள்.
டேமேஜ் என்று தள்ளியவள் நானே.
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்த்தால்
அது கண்ணை மறைத்துக் கட்டிய துணி.
பெரியவங்க சைஸ், பிள்ளைகளுக்குக் கணுக்கால் வரை தொங்கியது.
யாரும் குறை சொல்லவில்லை.

அட்டைக் கத்திகள் பத்து நிமிஷம் தாங்கின.
கறுப்பு கிரீம் என்றதற்கு
பேக்கரியில் நாற்பது ரூபாய் கூட வாங்கினார்கள்.
ஒரு துண்டு தின்றதும் ஏழு நாக்கும்
சாயப்பட்டறை ஓடை.

பெட்டிக்குள் ஆறு பேர் ஏறிவிட்டார்கள்.
சுபம் பெஹரா மட்டும் வெளியே நின்றான்.
பாலசோர் பக்கம், அப்பா நிட்டிங்கில் நைட் ஷிப்ட்.
"ஏறு சாமி" என்றேன்.
அவன் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தான்.
"இப்டி நிக்காது, அக்கா. கடல் நிக்காது."
இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து
ஆட்டினான் பாருங்கள்.
மிதுனா அலறினாள், பிங்கி குமாரி பிங்கி மேலேயே தண்ணீரைக் கொட்டிக்கொண்டாள்,
முகில்வாணன் "அம்மா" என்றான், பிறகு "இன்னொருக்கா" என்றான்.
அந்த முற்றத்தில் கடலைப் பார்த்தவன்
அவன் ஒருத்தன்தான்.
ஐந்தாவது அலையில்
ராட்டர்டாம் நடுவில் கிழிந்தது.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் சென்னியப்பன் வந்தார்.
போன மாசம்தான் வாடகையில் முந்நூறு ஏற்றியவர்.
"என்னம்மிணி இது, சந்தக்கடையாட்டம்?"
ஏழு ஒற்றைக்கண்ணும் அவரைச் சூழ்ந்துகொண்டன.
"கப்பம் கட்டு!"
நான் கையைப் பிசைந்தேன்.
அவர் சட்டைப்பையைத் தடவினார்.
ஒரு பத்து ரூபாய்த் தாளும் இரண்டு ஹால்ஸ் மிட்டாயும்.
"இவ்வளவுதான் இருக்குதுங்க சாமி, உட்ருங்க."
போகும்போது வாசலில் நின்று திரும்பி
ஒரு துண்டு கேக் கேட்டு வாங்கிப்போனார்.
வாடகையைப் பற்றி வாய் திறக்கவில்லை,
நானும்தான்.

புதையலுக்கு வழி காட்டியவை
டேமேஜ் பீஸில் ஒட்டும் சிவப்பு அம்புகள்.
தையல் விட்ட இடம், கறை பட்ட இடம், நூல் தொங்கும் இடம்,
ஒன்பது வருஷமாய் ஒட்டுகிறேன்.
அன்றைக்குத்தான் அவை
தண்ணித் தொட்டி, மீட்டர் பெட்டி, முருங்கைமரம் என்று போய்
பக்கத்துக் கட்டடத்தின் எம்-சாண்ட் குவியலில் முடிந்தன.
தங்கத்தாள் சாக்லேட் முப்பது புதைத்தேன்.
இருபத்தாறு கிடைத்தது.
மிச்சம் நாலும் ஏதோ ஒரு சுவரில்
கலவையோடு போயிருக்கும்.

ராத்திரி அம்புகளை உரித்தேன்.
தூங்குகிறவள் நெற்றியில் ஒன்று,
சிலிண்டரில் ஒன்று.
நாக்கு இன்னமும் கறுப்பு, வாய் பிளந்து தூக்கம்.

திங்கள் காலை செக்கிங் டேபிளில்
பக்கத்தில் உட்காரும் சாரதாமணி
என் முதுகில் கை வைத்தாள்.
"ஏனுங்க, உங்களுக்கு என்ன டேமேஜு?"
உரித்து நீட்டினாள், அதே சிவப்பு.

வாங்கி
இருந்த இடத்திலேயே
ஒட்டச் சொன்னேன்.