ஒற்றை நட்சத்திரம்

உட்துறைமுக வீதியில் மருந்துக்கடைக்கு மேலே எங்கள் ஒபிஸ்.
ஜன்னலைத் திறந்தால் கடல்,
சாத்தினால் ஏசியின் இருமல்.
வெள்ளிக்கிழமைக்குள் கையேடு வேண்டும் என்றார் நௌபர்.
படகுப் பதிவு நிரலுக்கு. பதினோராயிரம் வரி.
எழுதிய சுகிர்தன் கட்டாருக்குப் போய் ஒன்றரை வருடம்.

கையேட்டை நான் எழுதத் தேவையில்லை.
அவன் நிரலுக்குள்ளேயே எழுதிவைத்திருக்கிறான்,
ஒவ்வொரு செயற்கூற்றின் தலைமாட்டிலும்:
சாய்கோடு, இரண்டு நட்சத்திரம், பிறகு பேச்சு.
(என் கொமென்ட் எல்லாம் ஒரே கொமென்ட்:
பிறகு பார்க்க.
பிறகு இதுவரை வந்ததில்லை.)

பிரித்தெடுக்கும் கருவி
இரட்டை நட்சத்திரம் கண்ட இடத்தில் குனியும்,
அள்ளும், அடுக்கும், பக்க எண் போடும்.
ஒற்றை நட்சத்திரத்தைக் கடந்து போய்விடும்.
அது வீட்டுக்காரர் தங்களுக்குள் பேசிக்கொள்வது.

ஓட்டினேன். பிளேன்டீ ஆறுமுன்னே
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

எல்லாப் பக்கத்திலும் கடைசி வரி ஒரே மாதிரி தொடங்குகிறது.
திரும்புவது: ஆம் அல்லது இல்லை.
திரும்புவது: பெயர்ப்பட்டியல்.
திரும்புவது: வெறுமை, படகு கிடைக்காவிட்டால்.
இந்த மூன்றாவது, இருபத்தாறு இடத்தில்.
எண்ணைப் பிழையாய்த் தட்டினால்
பதிவேட்டில் படகு கிடைக்காது.
அவ்வளவுதான் அர்த்தம்.
ஆனாலும் ஜன்னலைச் சாத்தினேன்.

எண்பத்தெட்டாம் பக்கம்:

    படகைத் தேடும் காலம்.
    உள்ளிடுவது: படகு எண்.
    திரும்புவது: நாட்கள், எப்போதும் 3.

ஏன் 3?
நாலாம் நாள் காலை ஆறு மணிக்கு
படகு தானாகவே இன்னொரு பட்டியலுக்குப் போகும்.
அந்தப் பட்டியலைத் திறக்க ஒரு பொத்தான் இருக்கிறது.
போன மாதம்வரை யாரும் அழுத்தவில்லை என்று
பதிவு சொல்கிறது.

நிரலைத் திறந்து அந்த 3க்குப் போனேன்.
அதன் மேல், ஒற்றை நட்சத்திரத்தில்:

    மூன்று என்று போடச் சொன்னார்கள்.
    கொட்பேயில் கேட்டேன். எஞ்சின் நின்ற படகு
    சோளகத்தில் இழுபட்டு
    ஐந்தாம் நாளும் வந்ததுண்டாம்.
    மூன்றாகவே விட்டிருக்கிறேன். இது பிழை.
    வாசிக்கிறவர் மாற்றவும்.

கம்பைலர் இதை வாசிக்காது, அதற்கு 3 போதும்.
கருவி 3ஐ வாசிக்காது, அதற்கு நட்சத்திரம் போதும்.
இரண்டுக்கும் நடுவே
ஒன்றரை வருடமாக ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான்.

3ஐ மாற்ற எனக்கு அதிகாரமில்லை.
அதற்குக் கடிதம், கூட்டம், கொழும்பு.
கொமென்டுக்கு யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை.
எட்டின் மேல் இருக்கும் நட்சத்திரத்தை
ஒரு தடவை அழுத்தினேன்.
திரும்ப ஓட்டினேன்.
இருநூற்றுப் பதின்மூன்று.

வெள்ளிக்கிழமை. நௌபர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இது யார் எழுதினது?"
"சுகிர்தன்."
"முந்தி நான் பார்க்கேக்க இல்லையே."
"இருந்தது."

கீழே மான்கள் மருந்துக்கடைக் குப்பையைக் கவிழ்த்து
அட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டிருந்தன.
கடைப்பையன் துரத்தினான். அவை நாலடி நகர்ந்து
திரும்பவும் வந்தன.
நௌபர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பக்கத்தைக் கிழிக்கச் சொல்வார் என்று நினைத்தேன்.

"ஐஞ்சா, ஆறா?" என்றார்.

எனக்குத் தெரியாது.
சுகிர்தனுக்கும் கேட்டதுதான் தெரியும்.
கொட்பேயில் யாரிடம் கேட்டான் என்று
எந்த நட்சத்திரத்திலும் இல்லை.

நௌபர் மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடினார்.
நான் கையேட்டைப் பைக்குள் வைத்தேன்.
ஜும்ஆவுக்கு முன் போய்வந்துவிடலாம்.
நிரலில் இன்னும் 3.