சர்க்ளிப் இரண்டு

பத்தொன்பது வருடமாய்ப் பாகங்கள் விற்கிறேன்
தங்கச்சிமடத்தில், ஐஸ் கம்பெனிக்கு எதிரே.
வாஷர், ஆயில் சீல், கேஸ்கட், சர்க்ளிப்.
அளவு தெரியும், விலை தெரியும்,
கரண்ட் போன நேரத்திலும்
கை தானாய்ப் போய் எடுக்கும் எந்த டப்பாவில் எதுவென்று.
எங்கே பொருந்தும் என்று
யாரும் என்னைக் கேட்டதில்லை.
நானும் கேட்டுக்கொண்டதில்லை.

கீழக்கரையில் புகாரி காக்கா வீட்டில்
புது ஃப்ரீசர் வைக்க இடம் வேண்டியிருந்தது.
அதனால் விற்கிறார், வேறு கதை கிடையாது.
யெஸ்டி, எழுபத்தொன்பது மாடல்,
சைலன்சர் இரண்டு, ஒன்றுக்குள் குளவிக்கூடு.
முப்பதாயிரம் என்றார்.
டேங்கைச் சாவியால் தட்டினேன்.
கிண்ணென்று வரவேண்டிய இடத்தில் பொத்தென்று வந்தது.
மூடி திறந்து போன் வெளிச்சம் அடித்தேன்:
துரு, மழை கரைத்த செம்மண்ணாட்டம்.
இருபத்திரண்டு என்றார்.
உதைகோலை மிதித்தேன்.
சுவரை மிதித்த மாதிரி என் முழங்கால்தான் அதிர்ந்தது.
"பதினாறுக்கு எடுத்துக்கோங்க லாத்தா,
ஃப்ரீசர் நாளைக்கு வந்துரும்."

பணத்தை எண்ணும் முன் புத்தகத்தைக் கேட்டேன்.
மண்ணெண்ணெய்த் துணியால்
எஞ்சின் அடியைத் துடைத்துத் துடைத்து எண்ணைப் படித்தோம்.
கடைசி இலக்கம் எனக்கு மூன்று, அவருக்கு எட்டு.
ஆர்.சி. புத்தகத்தில் எட்டு.
வீட்டுப் பையன் ஒருவன் நோட்டுத்தாளை வைத்து
பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தான்.
எட்டு எழும்பி வந்தது.

காலி மீன்பெட்டிகளோடு படுத்தபடி
பாம்பன் பாலம் ஏறியது வண்டி.
நாற்பது வருடம் சந்துக்குள் தேடி வந்து
அதைத் தின்ற உப்புக்காற்று
இன்று எதிரே நின்று மோதியது.
தார்ப்பாயை இன்னும் ஒரு சுற்று இறுக்கச் சொன்னேன்.

வீட்டுக்காரர் ரெமிஜியுஸ் ஒரு வட்டம் சுற்றி வந்தார்.
"ஓட்டப் போறியா, பாத்துக்கிட்டு இருக்கப் போறியா?"
"பிரிக்கப் போறேன்."

ஒவ்வொரு நட்டுக்கும் முன்னால் ஒரு போட்டோ.
மிக்சர் டப்பாக்களில் பிளாஸ்திரி ஒட்டி எழுதினேன்:
இடது மூடி, நீளம் மூன்று, குட்டை இரண்டு.
புளித்தண்ணீரும் ஒரு கைப்பிடி பழைய நட்டும் போட்டு
டேங்கைக் குலுக்கியதில் தெருவே எட்டிப் பார்த்தது.
ஒரு திருகாணி தலை முறிந்தது.
அன்று சோறு இறங்கவில்லை.

பிளக் துவாரத்தில் டீசலும் எண்ணெயும் பாதிப்பாதி.
காலையில் கடை திறக்கும் முன்
உதைகோலைக் கையால் அழுத்திப் பார்ப்பேன்.
உதைக்கக் கூடாது, உதைத்தால் உடையும்.
இந்த வண்டியில் அதே கோல்தான் கியரும்,
உள்ளே தள்ளி மடக்கினால் வேலை மாறிவிடும்.
இதை நம்பவே எனக்கு ஒரு நாள் ஆனது.
இரண்டாம் நாள் இல்லை. ஆறாம் நாள் இல்லை.
கச்சான் காற்று வாசலில் மணல் கொட்டிப் போனது.
பதினோராம் நாள்
ஒரு விரற்கடை.
சத்தம்கூட இல்லை, உள்ளங்கைக்குத்தான் தெரிந்தது.
திரும்பிப் பார்த்தேன். வாசலில் யாருமில்லை.

பிறகு ஹெட்டைத் தூக்கி, சிலிண்டரை உருவி
பிஸ்டனைக் கையில் ஏந்தினேன்.
பின்னின் இரு முனையிலும் பள்ளத்துக்குள் ஒடுங்கி
ஒட்டாத மெட்டி போல் ஒரு வளையம்.
ஒரு ரூபாய் லாபத்துக்கு
ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுத்தது.
நீ இங்கேயா இருக்கிறாய்?

வண்டி இன்னும் பதினேழு டப்பாவில் கிடக்கிறது.
ஓடுமா என்று கேட்கிறவர்களுக்கு
பதில் வைத்திருக்கவில்லை.

நேற்று ஒரு போட்டுக்காரப் பையன் வந்தான்.
"அக்கா, சர்க்ளிப் ஒண்ணு."
"எதுக்கு?" என்றேன்.
அவன் முழித்தான்.
"பிஸ்டன் பின்னுக்கு..."
"அப்ப ரெண்டு வாங்கு. ரெண்டு பக்கமும் மாத்து.
கழட்டுனதைத் திரும்ப மாட்டாதே, தெறிச்சிரும்."