சிவப்பு மூடி

ஜூலை. டுலூத்தில் எல்லோரும் அரைக்கால் சட்டையில்.
நான் மட்டும் கம்பளித் தொப்பியோடு
நான்கு டிகிரிக் குளிர் அறைக்குள்
சேறு அறுக்கிறேன்.

பத்து வாரம். ஆறாயிரம் டாலர்.
ஜன்னல் திறக்காத ஒரு விடுதி அறை.
"மேற்படிப்பை யோசிக்கும் இளநிலை மாணவர்களுக்கு"
என்று கடிதத்தில் இருந்தது.
யோசிக்கிறேனா என்று யாரும் கேட்கவில்லை.
செயின்ட் பாலில், சந்தைக்கு வெங்காயத்தாள் கட்டிக்கொண்டே
அக்கா கா ஷீ மட்டும் கேட்டாள்:
"இது முடிந்தால் வேலையா, இன்னும் படிப்பா?"

அறுப்பது இப்படி.
ஏரியின் அடியிலிருந்து உருவிய குழாயைக்
கீழிருந்து தள்ளினால் மேலே ஒரு சென்டிமீட்டர் பிதுங்கும்.
தகட்டால் சீவு. பையில் போடு. எண் எழுது.
நூற்று நாற்பது பைகள்.
மேலே இருப்பது போன வருடம்.
கீழே, யாரோ மரப்படகில் துடுப்புப் போட்ட காலம்.
சிவப்பு மூடி இருக்கும் முனைதான் மேல்.
மாரென் அரை மணியில் சொல்லி முடித்துவிட்டாள்.

மாரென் டொலெஃப்சன். முனைவர் படிப்பில் ஐந்தாம் ஆண்டு.
மதியச் சாப்பாடு எந்திரத்தில் விழும் சிப்ஸ்.
"இதற்கு ஏன் வந்தாய்?" என்றேன் இரண்டாம் வாரம்.
"உறைந்த ஏரியில் துளை போட்டு நிற்கப் பிடிக்கும், நெங்.
மற்றதெல்லாம் அதற்குக் கட்டும் வாடகை."

ஏழாம் வாரம் மகரந்தம் எண்ணினேன்.
ராக்வீட் என்றொரு களை;
நுண்ணோக்கியில் குட்டி முள்ளுப்பந்து.
காட்டை வெட்டி ஏர் ஓட்டியவர்களின்
குதிகால் பிடித்து வந்தது.
சேற்றின் மேல்பகுதியில் மட்டுமே இருக்க வேண்டும்.

நூற்று முப்பதாம் பையில் முள்ளுப்பந்துகள்.
என் தப்பு என்று
கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தேன்.
நூற்று முப்பத்தெட்டில் இன்னும் அதிகம்.
பத்தாம் பையில்
இரண்டு காது வைத்த பைன் மகரந்தம் தவிர
எதுவும் இல்லை.

இரவு பதினொன்றரை.
காலிக் குழாயை விளக்கருகே திருப்பினேன்.
பாதி அழிந்த மார்க்கரில் "மேல்", ஓர் அம்பு.
அம்பு சிவப்பு மூடிக்கு முதுகைக் காட்டியது.
இரண்டும் மாரென் கை.
பனியில் விரல் மரத்த நேரமாக இருக்கும்.

இந்தக் குழாயின்மேல்தான் அவளுடைய மூன்றாம் அத்தியாயம்:
கலங்கிய ஏரி மெல்லத் தெளிந்த கதை.
வயது கணிக்கப் பணம் அடுத்த ஆண்டுதான் வரும்,
ஆகவே யாருக்கும் சந்தேகமில்லை.

சொல்லவில்லை.
என் பரிந்துரைக் கடிதத்துக்கு வரைவு அவள்தானே எழுதுவாள்
என்று ஒருமுறை நினைத்தேன்.
ஒருமுறை அல்ல.
திரையில் விண்ணப்பம் திறந்தே கிடந்தது:
ஆராய்ச்சியில் உங்களை ஈர்ப்பது எது, ஐந்நூறு சொற்களுக்குள்.
"சிறு வயதிலிருந்தே" என்று தொடங்கி அழித்தேன்.

வெள்ளிக்கிழமை சொன்னேன்.
சிப்ஸ் பையை மடித்தாள். மடித்ததை மடித்தாள்.
நுண்ணோக்கியில் தானே பார்த்தாள், வெகுநேரம்.
எழுந்து போனாள்.
கழிவறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.
வந்து கேட்டாள்: "எப்போது கண்டாய்?"
"பதினொன்றரைக்கு."
"எந்த நாள்?"
"செவ்வாய்."
அதற்கு அவள் எதுவும் சொல்லவில்லை.
அந்த மூன்று நாளை நாங்கள் எந்தப் பையிலும் போடவில்லை.

திங்கள் காலை சுவரில் ஒரு துண்டுச்சீட்டு: 1 = 140.
எண்களைத் திருப்பி எழுத இரண்டு நாள் ஆனது.
ஏறிய கோடு இறங்கியது. ஏரி கலங்கியது.
சுவரொட்டியில் என் பெயரை
அவள் பெயருக்கு முன்னால் போட்டிருந்தாள்.
மாற்றச் சொன்னேன். காதில் வாங்கவில்லை.

கடைசி நாள், டை கட்டிய ஒருவர்
"அப்படியானால் முனைவர் படிப்புக்கு வருகிறாய்?" என்றார்.
வாய் நிறைய பிஸ்கட்.
தலையை ஆட்டினேன்,
எந்தப் பக்கம் என்று நினைவில்லை.

சாவியை ஐந்து மணிக்குள் கொடுக்காவிட்டால்
இருபத்தைந்து டாலர் பிடிப்பார்கள்.
மணி நாலே முக்கால்.
குளிர் அறையில் இன்னொரு குழாய் இருக்கிறது,
யாரும் அறுக்காதது.
அதன் மூடியை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று
படியிறங்கினேன்.