பதினேழாம் புட்டி

இரட்டைப் பூட்டு அலமாரி.
ஒரு சாவி டாக்டர் பெலிசித்தாவிடம், இன்னொன்று என் இடுப்பில்.
சொட்டுக்குச் சொட்டு பதிவேட்டில் கையெழுத்து.
போதை தலைக்கேறாத அளவில் கஞ்சாச் சாறு
நல்லெண்ணெயில் கரைத்தது பாதிப் புட்டிகளில்.
மீதியில் வெறும் நல்லெண்ணெய்.
எதில் எது என்று
கோரிமேட்டில் யாருக்கும் தெரியாது.
தெரிந்த உறை பெங்களூரில் ஒட்டிக் கிடந்தது.

எண் பதினேழு: தேசிங்கு, நாற்பத்தாறு வயது,
கடலூர் சோனங்குப்பம்.
விசைப்படகின் வின்ச் இடது கையை
முழங்கைக்குக் கீழே வாங்கிக்கொண்டு மூன்று வருடம்.
வலி எங்கே என்று படிவம் கேட்டது.
இல்லாத சுண்டுவிரலைக் காட்டினார்,
மேசைக்கு ஒரு சாண் மேலே, காற்றில்.
நானும் அந்த இடத்தைப் பார்த்துத் தலையாட்டினேன்.
"கவுத்த இன்னும் உடலம்மா அது.
புடிச்ச புடியில இருக்கு. நகம் உள்ளங்கையில எறங்குது."
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?
"எட்டு போட்டுக்க. அமாவாசைக்கு ஒம்போது."

வியாழன்தோறும் வந்தார்.
எட்டு. ஏழு. மறுபடி ஏழு.
நாலாம் வியாழன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.
"திரும்பிப் போறப்ப முள்ளோடையில
பஸ்ஸ நிறுத்தி சரக்கு தேடுனாங்க.
ஏட்டு நம்ம புட்டியத் தொறந்து மோந்து பாத்தான்.
யோவ், நல்லெண்ணெய்யான்னு
என் பாக்கெட்லயே போட்டுட்டான்."
இரண்டு புட்டியும் அப்படித்தான் மணக்கும்.
அதற்கு மேல் நான் பேசக்கூடாது.
அன்றைய எண் நான்கு.

மூளையைப் பண்ருட்டிப் பலாச்சுளை மாதிரி
பலகையில் வரைந்தார் டாக்டர்.
நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு.
அங்கிருந்து கீழே ஆள் போகும்,
முதுகுத்தண்டின் வாசலில் நின்றுகொண்டு
மேலே ஏறி வரும் வலியை நிறுத்தி விசாரிக்கும்,
சிலதை விடும், சிலதைத் திருப்பும்.
எனக்கு முள்ளோடை ஞாபகம் வந்தது.
கஞ்சா போய்ப் பொருந்துகிற பூட்டு அங்கே இருப்பது
கஞ்சாவுக்காக இல்லையாம்.
மூளை தானே காய்ச்சிக்கொள்கிற ஒன்றுக்காக.
ஆனந்தமைடு என்று எழுதி அடிக்கோடிட்டார்.
யாரோ துடைத்தார்கள், சரியாகத் துடைக்கவில்லை.
"ஆனந்" மட்டும் திங்கள்கிழமை வரை நின்றது.

மார்கழியில் உறை பிரித்தோம்.
மருந்துக்கும் எண்ணெய்க்கும் நடுவே
ஒரு புள்ளிக்கும் குறைந்த தூரம்.
டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, டீ ஆறி ஆடை கட்டியது.
பதினேழுக்கு நேரே: எண்ணெய்.

போனில் சொல்லக்கூடாது என்பது விதி. வரச் சொன்னேன்.
மனப்பாடம் செய்த வாக்கியங்கள்.
"உங்களை யாரும் ஏமாற்றவில்லை" என்பதை
இரண்டு முறை சொல்லிவிட்டேன்.
அவர் மின்விசிறியைப் பார்த்தார்.
"அந்த ஏட்டு அன்னிக்கே சொல்லிட்டானே."
அப்புறம் ஏன் குடித்தீர்கள்?
படிவத்தில் இல்லாத கேள்வி.
"ராத்திரி நாக்குல விட்டா
வெரலு ஒண்ணொண்ணா தொறக்குதும்மா.
தொறக்காதன்னு நான் சொல்லவா?"

சரி, இப்போது எவ்வளவு?
"நீ சொன்ன பொறவா? இரு, பாக்கறேன்."
கண்ணை மூடினார்.
வெளியே யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிப்போனார்கள்,
ஒரு சக்கரம் மட்டும் கத்திக்கொண்டு.
"நாலு. இல்ல, நாலர."
அரைக்குக் கட்டம் கிடையாது. ஐந்து என்று போட்டேன்,
அடித்துவிட்டு நான்கு போட்டேன்.

புட்டியைத் திரும்ப வாங்க வேண்டும்.
அடியில் சுண்டுவிரல் உயரம் எண்ணெய் மிச்சம்.
அவர் எடுத்து நீட்டவில்லை, நான் கையை நீட்டவில்லை.
இரண்டரை மணிக் கடலூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார்.

பதிவேட்டில், பதினேழுக்கு நேரே,
"கை தவறி உடைந்தது" என்று எழுதினேன்.
எழுதிய பிறகுதான் அந்த வார்த்தை உறைத்தது.
மாலையில் டாக்டர் படித்தார்.
"சத்தமே கேக்கலையே" என்றார்,
பேனாவை உதறி
கையெழுத்துப் போட்டார்.