ஊசிக்கோடு

நாலு பத்துக்கு இன்னமும் விழிப்புத் தட்டிவிடுகிறது.
மணி அடிக்க இங்கே ஆளில்லை.
அனுப்பர்பாளையத்தில் ஒற்றை அறை,
பக்கத்து லைன் வீட்டில் மோட்டார் போடும் சத்தம்.
ஆனாலும் கை தானாய் நெஞ்சுக்குப் போய்க் குவிகிறது
யாருக்கென்று தெரியாமல்.
பிரிக்கிறேன், ஒவ்வொரு விரலாக.

பனியன் கம்பெனியில் எனக்கு வேலை செக்கிங்.
ட்யூப்லைட்டுக்கு நேரே துணியைத் தூக்கிப் பிடித்து
குற்றம் கண்டுபிடிக்க வேண்டும்.
ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம்.
கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஒட்ட வேண்டும்.
இதற்குச் சம்பளம் தருகிறார்கள்.
முதல் வாரம் அதை நம்பவே முடியவில்லை.

பதினோரு வருசம்
தாராபுரம் ரோட்டில், தென்னந்தோப்புக்குள்,
சந்தேகத்துக்குக் கரையான் என்று பெயர்.
ராத்திரி நோட்டில் எழுதித் தர வேண்டும்
அன்றைக்கு எத்தனை கரையான், எந்நேரத்தில், யாரைப் பார்த்து.
காலையில் மைக்கில் வாசிப்பார்கள்.
ஒன்றுமே வராத நாளில்
ஒளிக்கிறாய் என்பார்களோ என்று
இரண்டு மூன்றை நானே செய்து எழுதினேன்.

வசந்தாமணியைக் கழற்றி வாங்கிக்கொண்டு
சுடரொளி என்று ஒன்றைத் தந்தார் அவர்.
ஊதியூருக்குக் கிழக்கே ரெண்டேகால் ஏக்கர்,
கிணறு, எட்டுப் பவுன்.
எல்லாம் நானே கையெழுத்துப் போட்டது.
யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.
அதைத்தான் தம்பி கேட்கிறான், வெள்ளகோவிலிலிருந்து, போனில்:
"ஏனக்கா, பி.எஸ்ஸி. கணக்குப் படிச்சவ நீ,
அத்தன வருசமும் ஒண்ணுமே தெரியலையா?"
அம்மா எழவுக்கு நான் வராததை
அவன் கேட்பதில்லை.
கேட்காமல் போனை வைக்கும் இடத்தில்
அது இருக்கிறது.

அவனுக்கு ஒருநாள் ஊசிக்கோட்டைக் காட்ட வேண்டும்.
நிட்டிங் மிஷினில் ரெண்டாயிரத்துச் சொச்சம் ஊசியில்
ஒன்று லேசாய் வளைந்தால் போதும்,
ரோல் முழுக்க மயிரிழைக்கு ஒரு கோடு ஓடும்.
தடவினால் தெரியாது.
சாயம் ஏறி, வெட்டி, தைத்து,
யாரோ அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கும்போது தெரியும்.

பொய் சொல்லக் கூடாது,
அந்த அந்திப் பாட்டு எனக்குப் பிடிக்கும்.
இருநூறு பேர் ஒரே மூச்சில் இறங்கும் அந்தக் கடைசி அடி.
பாத்திரம் கழுவும்போது வாய் தானாய் எடுக்கிறது.
பாதியில் நிறுத்துகிறேன்.
சில நாள் நிறுத்துவதில்லை.

இன்றைக்குக் கப்பல் லாட்.
சூப்பர்வைசர் கிட்டுசாமி ஒரு பீஸை வாங்கிப் பார்த்து
"இது ஓகேங்க, பாஸ் பண்ணுங்" என்றார்.
தலை ஆடத் தொடங்கிவிட்டது.
எப்போதும் எனக்கு முந்தி அது சம்மதித்துவிடும்.
"இல்லீங்."
யார் சொன்னதென்று திரும்பிப் பார்த்தேன்.
"கோடு ஓடுதுங்."
உள்ளங்கை வியர்த்து ஓரம் நனைந்தது.
அவர் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.
இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.
"கோடில்லீங்க. ட்யூப்லைட் ஒயரோட நெழலு."
ஆமாம்.
நிழல்தான்.

நான் காத்திருந்தேன்
மைக்குக்கு,
முட்டி போடச் சொல்வதற்கு,
மூன்று நாள் யாரும் முகம் பார்க்காமலிருப்பதற்கு.
அவர் அம்பை நகத்தால் உரித்து
மேசை விளிம்பில் ஒட்டிவிட்டு
"அடுத்ததப் பாருங்" என்று போய்விட்டார்.

வெறும் தப்பு.
பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.
பக்கெட் நிரம்பி வழிந்ததற்கு
ஹெல்ப்பர் புள்ள தேன்மொழி திட்டினாள்.
அதுவும் அத்தோடு முடிந்தது.

ஏழரைக்கு பேக்கரி.
"என்னங் வேணும்? டீயா, காப்பியா?"
வெளியே வந்த புதிதில் இந்தக் கேள்விக்குப் பயந்து
தண்ணீர் குடித்துவிட்டு நடந்திருக்கிறேன்.
"சித்தெ இருங், சொல்றேன்."
பின்னால் நாலு பேர் நின்றார்கள்.
மாஸ்டர் டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
நிஜமாகவே யோசித்தேன்.